பழுது பார்த்த கைகளே வானூர்தி படைத்தன

ஆகாயத்திலே விமானத்தின் ஒலி கேட்டால் அண்ணாந்து பாராதவர் யார்? பசறை மலைச்சரிவிலே கொழுந்து பறிக்கும் அன்னையும் ஒரு கணம் கையை நிறுத்திப் பார்க்கின்றாள். பாடசாலை முற்றத்திலே ஆடித்திரியும் சிறுவனும் பார்க்கின்றான். ஊவா நாட்டார்க்கு இதிலே ஒரு தனியுரிமையும் உண்டு. இராவணேசுவரனுடைய புட்பக விமானம் இம்மலைகளின் மேலேதான் உலவியது என்று எல்லப் பகுதியிலே இன்றும் கதை சொல்வார் பலர். அக்கதையின் சுவையை நாம் மறுக்கவேண்டியதில்லை. ஆயினும் அக்கதைக்குள்ளேயே ஓர் உண்மை பொதிந்து கிடக்கின்றது. அதனை நம்மவர் பெரும்பாலும் கவனிப்பதில்லை. புட்பக விமானம் இராவணன் செய்ததன்று. விசுவகர்மா செய்தது, குபேரனிடம் இருந்தது, இராவணன் கவர்ந்து கொண்டது. போர் முடிந்தபின் அது மீண்டும் குபேரனிடமே போய்ச் சேர்ந்தது. ஏறிச்செல்லும் இன்பம் இலங்கைக்குச் சிறிது காலம் கிடைத்தது. செய்யும் வித்தை மாத்திரம் கிடைக்கவில்லை.

ஏறிச் செல்வது வேறு. செய்யக் கற்பது வேறு. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தூரத்தை ஒரு நாடு எவ்வாறு கடக்கின்றது? இக்கேள்விக்கு நமக்கு அண்மையிலே கிடைக்கும் நல்ல விடை பெங்களூர் விமானத் தொழிற்சாலையின் வரலாறு. மாணவர்களும் அவர்தம் பெற்றோரும் அதனை அறிந்திருத்தல் நலம்.

பெங்களூரிலே 'பழைய விமான நிலையச் சாலை' என்றொரு பெருஞ்சாலை உண்டு. 2008ஆம் ஆண்டு மே மாதம் தேவனஹள்ளியிலே புதிய விமான நிலையம் திறக்கப்படும் வரையில், அந்நகருக்கு வந்த பயணிகள் அனைவரும் இச்சாலையோரத்து நிலையத்திலேதான் இறங்கினர். புதிய நிலையம் வந்தது. பயணிகள் கூட்டம் அங்கே சென்றது. பழைய பெயர் சாலையிலே தங்கிவிட்டது. ஆயின், அந்த ஓடுபாதை பயணிகளுக்காகத் தோன்றியதன்று. ஒரு தொழிற்சாலையின் முற்றமாகவே அது தோன்றியது.

தோன்றிய வரலாறு

சோலாப்பூரிலே பிறந்து பம்பாயிலே பெருந்தொழில்கள் நடத்தியவர் வால்சந்த் ஹீராசந்த். ஆங்கிலேயரின் கப்பற் கம்பெனிகளோடு போட்டியிட்டுச் சிந்தியா கப்பற் கம்பெனியை 1919இலே நிறுவியவர்களுள் ஒருவர். அவர் 1939இலே அமெரிக்காவிலிருந்து திரும்பும் வழியில் வில்லியம் பாலி என்னும் அமெரிக்கரைத் தற்செயலாகச் சந்தித்தார். பாலி, சீனாவிலே பர்மா எல்லையருகே ஒரு விமானத் தொழிற்சாலையை நடத்தி வந்தவர். சீனத்திலே செய்யக்கூடியதை இந்தியாவிலே ஏன் செய்யலாகாது என்ற எண்ணம் வால்சந்தின் உள்ளத்தில் வேரூன்றியது.

எண்ணம் இருந்தாற் போதுமா? இடம் வேண்டும், மின்வலு வேண்டும், படித்தவர் துணை வேண்டும். இவை மூன்றும் மைசூர் சமஸ்தானத்திலே இருந்தன. காவிரி ஆறு வீழும் சிவசமுத்திரத்திலே 1902ஆம் ஆண்டிலேயே நீர்மின்னிலையம் அமைந்துவிட்டது. அம்மின்சாரம் முதலிற் சென்றது கோலார் தங்கச் சுரங்கத்துக்கு. அச்சுரங்கத்திலே உழைத்தவர்களுட் பெரும்பகுதியினர் தமிழர்; நம் முன்னோர் தேயிலைக்காக இலங்கை வந்த காலத்திலேயே வட ஆர்க்காட்டு ஊர்களிலிருந்து கோலாருக்குச் சென்றவர்கள். பத்திராவதியிலே இரும்பாலை இருந்தது. பெங்களூரிலே இந்திய விஞ்ஞானக் கழகம் இருந்தது. திவான் சர் மிர்ஸா இஸ்மாயில் புதுத் தொழில்களை விரும்பி வரவேற்பவர். சமஸ்தானம் நிலமும் நீரும் மின்வலுவும் அளித்துப் பங்காளியாகவும் சேர்ந்தது. 1940ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆந் திகதி 'ஹிந்துஸ்தான் ஏர்கிராப்ட்' என்னும் கம்பெனி பதிவாயிற்று. மறு ஆண்டிலே இந்திய அரசாங்கம் 25 இலட்சம் ரூபாய் முதலிட்டு மூன்றிலொரு பங்குக்கு உரிமையாயிற்று.

யந்திரங்கள் அமெரிக்காவிலிருந்து பெட்டி பெட்டியாகக் கப்பலேறி வந்தன. 1941 ஆகஸ்டிலே ஹார்லோ என்னும் பயிற்சி விமானம் பெங்களூர் வானத்தில் எழுந்தது. 1942 ஜூலையிலே கர்ட்டிஸ் ஹாக் என்னும் போர் விமானமும் பறந்தது. ஆயினும் இவை அமெரிக்காவிலே வகுக்கப்பட்டவை. பெங்களூர்த் தொழிலாளர் அவற்றின் உறுப்புகளைப் பொருத்தி முடித்தார்கள். அஃது ஆனா ஆவன்னா எழுதிப் பழகும் பருவம் என்க.

இலங்கையில் வீழ்ந்த குண்டுகள்

இதற்கிடையில் யுத்தம் நம் வாசலுக்கே வந்துவிட்டது. 1942 ஏப்ரில் 2ஆந் திகதி இந்திய அரசாங்கம், வால்சந்த் முதலியோரின் பங்குகளை வாங்கித் தொழிற்சாலையைத் தன் கைக்குள் கொண்டுவந்த செய்தியை வெளியிட்டது. அதற்கு இரண்டாம் நாள், நமது தென்கரையிலுள்ள கொக்கலையிலிருந்து ஒரு கட்டலினாக் கடல்விமானம் இந்துமகா சமுத்திரத்தைக் காவல் பார்க்கப் புறப்பட்டது. அதனைச் செலுத்தியவர் லெனார்ட் பேர்ச்சல் என்னும் கனடிய வீரர். மாலை மங்கும் வேளையிலே, இலங்கையை நோக்கி வரும் ஜப்பானியக் கடற்படையை அவர் கண்டார். கண்டதைக் கம்பியில்லாத் தந்தியிலே அறிவித்துக் கொண்டிருக்கும்போதே அவ்விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த ஒன்பதின்மரில் மூவர் மாண்டனர், அறுவர் சிறைப்பட்டனர். அவர் அனுப்பிய செய்தியால் இலங்கை எச்சரிக்கை அடைந்தது. ஏப்ரில் 5ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பிலே குண்டு விழுந்தது. 9ஆந் திகதி திருகோணமலை தாக்கப்பட்டது. அன்றே 'ஹேர்மீஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. இடையிலே, 6ஆந் திகதி, விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் குண்டுவீச்சைக் கண்டன.

அந்நாளிலே கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலும் விமானத் தளமாக மாற்றப்பட்டிருந்தது. இரத்மலானையிலிருந்தும் பந்தயத் திடலிலிருந்தும் எழுந்த ஹரிக்கேன் விமானங்கள் எதிரியோடு பொருதன. பறந்தவை அனைத்தும் பிறநாட்டிலே செய்யப்பட்டவை. பழுதாகிய ஒரு விமானத்தைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கோ அமெரிக்காவுக்கோ அனுப்பித் திரும்பப் பெறுவதென்றால் மாதக்கணக்கில் ஆகும். அதுவும் பகைவர் உலவும் கடலிலே. ஆகவே, புதிய விமானம் கட்டுவதினும் பழைய விமானத்தைப் பழுது பார்ப்பதே அவசரத் தேவையாயிற்று. 1943இலே பெங்களூர்த் தொழிற்சாலை அமெரிக்க விமானப் படையின் பொறுப்பில் விடப்பட்டு, அவர்களுடைய 84ஆவது விமானப் பணிமனையாக மாறியது. அங்கே முழுச் சீரமைப்புக்கு முதன்முதல் எடுத்துக் கொள்ளப்பட்டது எந்த விமானம் தெரியுமா? பேர்ச்சல் செலுத்திய இனத்தைச் சேர்ந்த கட்டலினாவே.

ஏரியில் இறங்கிய விமானம்

கடலே இல்லாத பெங்களூரிலே கடல்விமானம் எங்ஙனம் இறங்கும் என்று மாணவர் வினவக்கூடும். தொழிற்சாலைக்கு அணித்தே பெல்லந்தூர் ஏரி கிடக்கின்றது. வயலுக்கு நீர் பாய்ச்ச முன்னோர் கட்டிவைத்த அவ்வேரி விமானங்களுக்கு இறங்குதுறையாயிற்று. நூறு அடிக்கு மேற்பட்ட சிறகுடைய கட்டலினாக்கள் அந்நீர்ப்பரப்பில் வந்திறங்கிச் சீரமைப்புக்குச் சென்றன.

சீரமைப்பு என்பதைச் சில்லறை வேலையென்று எண்ணிவிடலாகாது. கட்டலினாவுக்கு யந்திரங்கள் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் சிலிண்டர்கள் பதினான்கு. ஒவ்வொரு யந்திரத்தின் வலுவும் 1,200 குதிரைவலு. யந்திரம் இத்தனை மணி நேரம் ஓடியபின் பிரிக்கப்படல் வேண்டும் என்பது விதி. ஓடிக்கொண்டிருந்தாலும், குறையொன்றும் வெளியிலே தெரியாவிட்டாலும், பிரித்தே ஆகவேண்டும். ஆணி முதல் அச்சு வரை ஒவ்வோர் உறுப்பையும் கழற்றி, கழுவி, வரிசையாக அடுக்கி, தேய்மானத்தை அளப்பார்கள். அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்கு கூடினும் குறையினும் கணக்கிலே பதிவார்கள். கண்ணுக்குப் புலப்படாத வெடிப்பைக் காண ஓர் அழகிய உபாயமும் உண்டு. எஃகு உறுப்பைக் காந்தமாக்கி, அதன்மேல் நுண்ணிய இரும்புத்தூளைப் படியவிடுவார்கள். வெடிப்பு இருக்குமிடத்தில் தூள் கோடாகத் திரண்டு காட்டிக் கொடுத்துவிடும். பின்னர் அனைத்தையும் மீளப் பொருத்தி, தனியே ஒரு மேடையில் யந்திரத்தை முழுவேகத்தில் ஓட்டிச் சோதிப்பார்கள். இவ்வளவும் முடிந்தபின், செய்தவரும் சோதித்தவரும் ஏட்டிலே கையொப்பமிடுதல் வேண்டும். ஒரு மனிதனின் கையொப்பத்தை நம்பியே விமானி ஆகாயத்தில் ஏறுகின்றான்.

இந்த ஒழுங்கே பெரும்பள்ளிக்கூடம். தைத்த சட்டையைப் பிரித்துப் பார்க்கும் தையற்காரனுக்கு வெட்டிய விதம் புலனாவதுபோல, விமானத்தைப் பிரித்துப் பூட்டியவர்களுக்கு அதனை வகுத்தவரின் கருத்துப் புலனாயிற்று. இந்த இடத்தில் ஏன் இரட்டைத் தகடு? இந்த ஆணி ஏன் இவ்வளவு நெருக்கம்? இக்குழாய் ஏன் வளைந்து செல்கின்றது? கேள்விகள் எழுந்தன, விடைகள் கையிலே கிடைத்தன. இந்தியாவிலும் பர்மாவிலும் பறந்த விமான வகைகள் பலவும் அங்கே வந்து சென்றன. இரண்டாண்டுகளின் பின் தொழிற்சாலை இந்திய நிர்வாகத்துக்குத் திரும்பியபோது, கீழைநாடுகளிலே மிகப் பெரிய சீரமைப்பு நிலையங்களுள் ஒன்றாக அது விளங்கியது. அமெரிக்கர் போனார்கள், கைப்பழக்கம் போகவில்லை.

துருப்பிடிக்க விடாமை

யுத்தம் முடிந்தது. விமானங்களுக்குத் தேவை குறைந்தது. பல நாடுகளிலே இத்தகைய தொழிற்சாலைகள் இக்கட்டத்திலே மூடப்பட்டன, தொழிலாளர் கலைந்தனர். பெங்களூரிலே அவ்வாறு நிகழவில்லை. விமானத் தகடு அடித்த கைகள் புகையிரதப் பெட்டி கட்டின. பஸ் வண்டிகளுக்குக் கூண்டு கட்டின. ஆகாயத்திலே பறக்கும் கருவி செய்தவன் தண்டவாளத்தில் ஓடும் பெட்டி செய்வதா என்று யாரும் முகஞ்சுளிக்கவில்லை. திறமை துருப்பிடியாமல் காப்பாற்றப்பட்டது. அன்று இடைக்காலப் பிழைப்பாகத் தொடங்கிய புகையிரதப் பெட்டித் தொழில், 1964இலே தோன்றிய 'பாரத் எர்த் மூவர்ஸ்' என்னும் தனி நிறுவனத்துக்கு மாறி வளர்ந்தது.

பழகிய கைகளுக்கு அறிவு துணை சேர்ந்தது. விஷ்ணு மாதவ் காட்டகே, ஜெர்மனியிலே கோட்டிங்கன் சர்வகலாசாலையில் புகழ்பெற்ற பேராசிரியர் பிராண்டலிடம் பயின்றவர். அவர் வகுத்த எச்.டி.2 என்னும் ஈராசனப் பயிற்சி விமானம் 1951இலே பறந்தது. இந்தியர் தாமே வகுத்துத் தாமே கட்டிய அவ்விமானம் நூற்றெழுபதுக்கு மேல் செய்யப்பட்டது. கானா நாட்டு விமானப் படையும் அதனை வாங்கியது. சுருங்கச் சொன்னால், பழுது பார்க்கத் தொடங்கிப் பத்தாண்டு முடிவதற்குள் படைக்கக் கற்றுவிட்டார்கள்.

இதன்பின் எல்லாம் வெற்றியே என்று சொல்வது உண்மையாகாது. ஜெர்மனியின் விமான வல்லுநர் கூர்ட் டாங்க் வகுத்த மாருத் என்னும் ஜெட் போர் விமானம் 1961 ஜூனிலே பறந்தது. உடல் அழகியது, அமைப்புச் சிறந்தது. ஆயின், ஒலியைப் போல் இரு மடங்கு வேகத்தை எண்ணி வகுத்த அவ்வுடலுக்கு ஏற்ற யந்திரம் கடைசிவரை கிடைக்கவில்லை. வலுக் குறைந்த யந்திரத்தோடு 147 விமானங்கள் செய்யப்பட்டன. 1971ஆம் ஆண்டுப் போரிலே அவை கடமையாற்றின. எனினும் எண்ணிய வேகத்தை எட்டவில்லை. 2001 ஜனவரி 4ஆந் திகதி அதே பழைய ஓடுபாதையிலிருந்து எழுந்த தேஜஸ் போர் விமானமும் அமெரிக்க யந்திரத்தாலேயே பறந்தது. உடல் செய்யக் கற்றவர்க்கு உயிர்நாடி செய்வது இன்னும் அரிதாயிருக்கின்றது. கல்வி ஒரு படியோடு முடிவதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

இராமேசுவரத்துப் பிள்ளை

இத்தொழிற்சாலைக்கு வந்த பயிற்சி மாணவருள் ஒருவரை நாமனைவரும் அறிவோம். தலைமன்னாருக்கு எதிர்க்கரையாகிய இராமேசுவரத்திலே 1931இலே பிறந்தவர் அவர். சென்னைக் குரோம்பேட்டையிலுள்ள தொழில்நுட்பக் கல்லூரியிலே விமானப் பொறியியல் பயின்றார். அக்கல்லூரி 1949இலே சி. ராஜம் என்னும் தொழிலதிபர் தம் மாளிகையை விற்ற பணத்தைக் கொண்டு நிறுவியது. அங்கே காட்சிக்கு நிறுத்தப்பட்டிருந்த இரு பழைய விமானங்கள் அம்மாணவரின் மனத்தைக் கவர்ந்தன. படிப்பின் முடிவிலே அவர் பெங்களூருக்கு வந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த வேலை, வானத்தில் பறப்பதன்று. புதிய விமானம் வகுப்பதுமன்று. பழைய யந்திரங்களைப் பிரித்துச் சீரமைக்கும் குழுவிலே ஒருவராக நிற்பதே. எண்ணெய்க் கையோடு தொடங்கிய அப்துல் கலாம், பின்னாளிலே ஏவுகணைகள் வகுத்து, 2002இலே இந்தியாவின் ஜனாதிபதியானார் என்பது உலகறிந்த செய்தி.

நமது நாட்டிலே யுத்தகால விமானத் தளங்கள் என்னவாயின? கொழும்புப் பந்தயத் திடல் இன்று விளையாட்டரங்கும் கடைத்தொகுதியுமாக விளங்குகின்றது. கொக்கலையின் ஏரியிலே கடல்விமானப் படை இல்லை. அதன் அயலிலே ஏற்றுமதித் தொழிற்சாலைகள் நிற்கின்றன. பறக்கும் தளங்கள் நமக்கு வாய்த்தன. பெங்களூரைப் போன்று கட்டும் தொழிற்சாலை வாய்க்கவில்லை. புட்பக விமானத்தின் கதை இரண்டாம் முறையும் நிகழ்ந்தது. 2022 ஆகஸ்ட் 15ஆந் திகதி இந்தியா இலங்கைக்கு ஒரு டோர்னியர் காவல் விமானத்தைக் கட்டுநாயக்காவிலே ஒப்படைத்தது. அவ்வின விமானத்தை உரிமம் பெற்றுக் கட்டுவது இதே நிறுவனத்தின் கான்பூர்ப் பிரிவுதான். ஒரு காலத்திலே நம்மைப் போலவே பிறர் விமானத்தை நம்பியிருந்த நாடு, இன்று நமக்கு விமானம் தருகின்றது.

நம் மலையில் உள்ள பட்டறை

இவ்வரலாறு ஊவாத் தோட்டங்களுக்கு என்ன சொல்கின்றது? லயத்துக்கருகே விமானத் தொழிற்சாலை எழப்போவதில்லை. அத்தகைய கனவை யாம் விற்கவில்லை. ஆனால் யந்திரம் நம்மவர்க்குப் புதியதன்று. தோட்டந்தோறும் 'ஸ்டோர்' என்று நாம் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலை நூறாண்டுக்கு மேலாக நிற்கின்றது. ஓடை நீரிலே சுழன்ற டர்பைன்களும் எண்ணெய் எஞ்சின்களும் நீண்ட வார்ப்பட்டிகளின் வழியே ரோதைகளை ஓட்டிய காலத்தை முதியோர் அறிவர். பேரிங் தேய்ந்துவிட்டதை ஒலியைக் கேட்டே சொல்லக்கூடிய பிட்டர்கள் நம்மிடையே இருந்தார்கள், இருக்கின்றார்கள். ரோதைக்கு ஒரு தெய்வத்தையே கற்பித்து, ரோதைமுனி என்று படையலிட்டு வணங்கிய சமுதாயம் அன்றோ நமது? யந்திரத்தின் முன்னே அச்சமும் அன்பும் கலந்து நின்றவர்கள் நம் முன்னோர். கும்பிட்டவர்களின் பிள்ளைகள் அதனைப் பிரித்துப் பார்க்கவும் துணியவேண்டும்.

குறை எங்கேயிருக்கின்றது? கையிலுள்ள திறமை ஏட்டிலே ஏறவில்லை. முப்பது ஆண்டு யந்திரத்தோடு வாழ்ந்த ஒருவர், தாம் கற்றதை மகனுக்கும் சொல்லாமல், சான்றிதழுமின்றி ஓய்வு பெறுகின்றார். அவர் மகன் கொழும்புக் கடையிலே சாமான் கட்டிக் கொடுக்கச் செல்கின்றான். மேசை முன்னே அமரும் உத்தியோகமே உத்தியோகம், எண்ணெய் படிந்த கை இழிவு என்று நம்மிற் பலர் இன்றும் எண்ணுகின்றோம். தகப்பனார் கையிலிருந்த செல்வம் இவ்வாறே ஒரு தலைமுறையில் அழிந்து போகின்றது. பெங்களூரிலே அமெரிக்கர் சென்றபின்னும் நிலைத்த கைப்பழக்கம், நம் மலையிலே நம்மவர் இருக்கும்போதே மறைகின்றது. இதனினும் பெரிய நட்டம் உண்டா?

பரிகாரம் இல்லாமலில்லை. நமது நாட்டின் தேசியத் தொழிற்றகைமை முறையிலே, வகுப்பறையில் அமராது வேலைத்தலத்திலே கற்ற திறமையையும் சோதித்துப் பார்த்துச் சான்றிதழ் வழங்கும் வழி உண்டு. ஸ்டோரிலே வேலை செய்யும் அனுபவசாலிகள் அதனை விசாரித்துப் பெறுதல் வேண்டும். எழுத்துவேலையிலே அவர்களுக்கு உதவுவது படித்த பிள்ளைகளின் கடன். பதுளையிலே தொழில்நுட்பக் கல்லூரி உண்டு. 2005இலே நிறுவப்பட்ட ஊவா வெல்லச பல்கலைக்கழகமும் உண்டு. சாதாரணதரப் பரீட்சையிலே கணிதம் தவறிவிட்டதும் 'எல்லாம் முடிந்தது' என்று பிள்ளையைக் கடைக்கு அனுப்பும் பெற்றோர், மறுமுறை எழுதச் செய்து ஓராண்டு பொறுத்திருப்பாராக. அந்த ஓராண்டு பிள்ளையின் நாற்பது ஆண்டை மாற்றக்கூடும்.

மாணவர்களுக்கு ஒரு சிறு வேலையும் சொல்லி வைக்கின்றோம். இந்த விடுமுறையிலே உங்கள் தோட்டத்து டீமேக்கரின் அனுமதி பெற்று ஸ்டோருக்குச் செல்லுங்கள். ஒரேயொரு யந்திரத்தை மாத்திரம் தெரிந்தெடுங்கள். அதன் படத்தை வரையுங்கள். எந்த உறுப்பு எதனைச் சுழற்றுகின்றது என்று அம்புக்குறியிடுங்கள். எந்த உறுப்பு முதலிற் தேய்கின்றது, ஏன் தேய்கின்றது என்று அங்குள்ள பிட்டரிடம் வணக்கத்தோடு கேட்டு எழுதுங்கள். அவர் பெயரையும் திகதியையும் அடியிலே குறித்து, அவரிடமே கையொப்பம் வாங்குங்கள். ஒருவேளை, அவர் அறிந்த வித்தைக்காக அவர் இட்ட முதலாவது கையொப்பம் அதுவாகவே இருக்கலாம்.